மலையின் வாயை அடைத்த களவா மீன்

ஆழ்கடலின் அடியில் ஓர் எரிமலை இருந்தது. அதன் உச்சியில் ஒரு துளை. உள்ளே கொதித்துக் கிடந்த பாறைக்குழம்பிலிருந்து பிரிந்த வாயு, எந்நேரமும் அந்தத் துளை வழியே களகளவென்று குமிழ்விட்டுக்கொண்டிருந்தது.

அந்த மலைச்சரிவுக்குத் தலைவன் ஒரு களவா மீன். அதற்கு உறக்கம்தான் பெரிது.

"இந்த இரைச்சலில் எப்படி உறங்குவது? துளையை அடைத்துவிடு!" என்று அது ஆக்டோபஸுக்குக் கட்டளையிட்டது.

சொன்னதைச் செய்வதே ஆக்டோபஸின் வழக்கம். எட்டுக் கைகளாலும் கற்களை அள்ளிவந்து துளைக்குள் திணித்தது. இரைச்சல் நின்றது.

சரிவில் வசித்த நண்டு பதறி ஓடிவந்தது. "தலைவரே, உள்ளே வாயு சேர்ந்துகொண்டே போகும். வெளியேற வழியில்லாவிட்டால் மலை வெடித்துவிடும்!"

"வாயை மூடிக்கொண்டு போ," என்றது களவா.

நண்டு போகவில்லை. கொடுக்குகளால் கற்களைப் பெயர்க்கத் தொடங்கியது. அது ஒன்றைப் பெயர்த்தால் ஆக்டோபஸ் இரண்டைத் திணித்தது. நான்காம் நாள் நண்டின் ஒரு கொடுக்கு முறிந்தது. அது மறு கொடுக்கால் தோண்டியது.

"உனக்கு வலிக்கவில்லையா?" என்று கேட்டது ஆக்டோபஸ்.

"வலிக்கிறது. நீ இந்தக் கல்லைத் தொட்டுப் பார்."

தொட்டதும் ஆக்டோபஸ் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டது. கல் சுட்டது. மலையுச்சி புடைத்திருப்பதையும் அப்போதுதான் அது கவனித்தது.

"ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!"

இருவரும் சேர்ந்து கற்களை இழுத்தார்கள். அடியில் இறுகிய கல் மட்டும் அசையவேயில்லை.

"இனி மலையை விடு. உயிர்களைக் காப்பாற்றுவோம்," என்றது நண்டு.

ஆக்டோபஸ் நத்தைகளையும் கடல் முள்ளெலிகளையும் அள்ளிச் சுமந்தது. நண்டு பொந்து பொந்தாகப் போய் எல்லோரையும் எழுப்பியது. கடைசியாகக் களவாவின் குகைக்குப் போனது.

"தலைவரே, புறப்படுங்கள்!"

"இரைச்சலே இல்லையே, எதற்கு ஓட வேண்டும்?"

"அதுதான் ஆபத்து! வாருங்கள்!"

களவா முதுகைத் திருப்பிக்கொண்டது. நண்டு மூன்று முறை அழைத்தது. பிறகு மற்றவர்களின் பின்னே விரைந்தது.

அவர்கள் தூரத்துப் பவளப் பாறையை அடைந்ததும் மலை வெடித்தது. அடைபட்டிருந்த வாயு ஒரே நொடியில் பொங்கிப் பாறையைச் சிதறடித்தது. நெருப்புக் குழம்பைத் தொட்ட கடல்நீர் ஆவியாகிச் சீறி, அதை மேலும் உடைத்தெறிந்தது.

கலங்கல் தெளிய ஏழு நாளாயிற்று. நண்டும் ஆக்டோபஸும் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். உச்சி இருந்த இடத்தில் பெரும் பள்ளம் கிடந்தது. குகையும் இல்லை, களவாவும் இல்லை.

நீதி: தொல்லை என்று ஒன்றை அடைக்கும் முன், அது ஏன் வருகிறது என்று அறிந்துகொள்ள வேண்டும்.