மூன்றாவது பம்பின் பெட்டி

எங்கள் குடிநீர் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் குரு என்றால் நாச்சியார்தான். வயது நாற்பதுகூட ஆகவில்லை. சீடர் எபனேசருக்கு ஐம்பத்தேழு. குரு, சீடர் என்று பட்டம் கட்டியது நான். இரண்டு பேருமே கோபித்துக்கொள்ளவில்லை.

ஆற்றங்கரையில் ஓடுகிற பம்புகளை நாங்கள் இங்கே திரையில்தான் பார்ப்போம். அந்தத் திரைகளைக் காட்டுகிற பழைய மென்பொருளுக்கு ஆயுசு முடிந்து, புதியது வந்தது. நாச்சியார் சொல்லிக்கொடுக்க, எபனேசர் ஒவ்வொரு திரையாகப் புதியதற்கு மாற்றினார். ஆற்றங்கரைத் திரையை மட்டும் தொடவே இல்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார்.

"பழைய கம்ப்யூட்டரைச் சாயங்காலம் நிறுத்தப் போறாங்க அண்ணாச்சி," என்றார் நாச்சியார்.

"தெரியும்."

"பிறகென்ன?"

எபனேசர் பழைய திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இதுல இருக்கது எல்லாம் புதுசுல வந்திருமா மேடம்?"

"மாத்திப் பாருங்க. வர்றது வரும்."

மத்தியானத்துக்குள் மாற்றிவிட்டார். நாச்சியார் வந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஐந்து பம்புகள், ஐந்து பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியிலும் அந்தப் பம்ப் இழுக்கிற கரண்டின் அளவு. ஐந்துமே ஓடுவதாகக் காட்டியது.

மூன்றாவது பம்பைக் கழற்றிக்கொண்டு போய் வருஷக்கணக்காகிறது. பழைய திரையில் அதன் பெட்டி வெறும் வெள்ளையாக இருக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை. இங்கேயோ நாற்பத்திரண்டு என்று நின்றது. மற்ற நான்கு எண்களும் கொஞ்சம் கூடிக் குறைந்துகொண்டிருந்தன, இது மட்டும் அசையவே இல்லை. மனுஷன் தன் கையாலேயே எண்ணைத் தட்டிப் போட்டிருக்கிறார்! இதை நம்பி ஷிப்டில் இருக்கிறவன் ஐந்து பம்ப் என்று கணக்குப் போட்டால், மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது.

நான் வாயைத் திறப்பதற்குள் நாச்சியார் கையமர்த்தினார். வாக்கிடாக்கியை எடுத்து ஆற்றங்கரையைக் கூப்பிட்டார்.

"முருகையா, மூணாவது பம்ப் ஓடுதா?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "என்ன மேடம், விளையாடுதீங்களா? இங்க வெறும் சிமெண்டு மேடைதான இருக்கு. ஆடு படுத்துக் கெடக்கு."

"சரி," என்று வைத்துவிட்டார்.

எபனேசர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது லில்லிபுஷ்பம் பாத்த பம்ப் மேடம்."

லில்லிபுஷ்பம் அவர் மனைவி. ஆற்றங்கரையில் வேலை பார்த்தவர். பம்பைக் கழற்றுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"காலையில அவ அங்க பம்பைப் போட்டதும் இங்க நாப்பத்திரண்டு ஏறும். சரி, வந்து சேந்துட்டான்னு நெனைச்சுக்குவேன். அதோட என் வேலையைப் பாப்பேன். அவ போன பிறகும், வந்து ஒக்காந்ததும் கண்ணு அங்கதான் போகும்."

"பம்பைக் கழட்டுன பிறகு வெள்ளையாத்தான இருந்துச்சு?"

"வெள்ளையா இருந்தா பரவால்லையே. இன்னும் பம்பைப் போடல, இன்னைக்குக் கொஞ்சம் லேட்டுன்னு வச்சுக்கிடலாம். இந்தப் புதுசு கட்டம் கட்டி, 'தொடர்பு இல்லை'ன்னு எழுதியில்லா காட்டுது." அவருக்குக் குரல் உடைந்தது. "அவளைப் பாக்கணும் போல இருக்கு மேடம்."

எழுந்து போகலாமா, இருக்கலாமா என்றே எனக்குத் தெரியவில்லை.

நாச்சியார் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பத்திரண்டை அழித்தார். சிவப்புக் கட்டம் எழுந்தது. உள்ளே அந்த இரண்டு வார்த்தைகள்.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பெட்டியையே எடுத்திரட்டுமா?" என்று எபனேசர் கேட்டார். கேட்டாரே தவிர, கை மவுஸ் பக்கம் போகவில்லை.

"இல்லைன்னே இருக்கட்டும் அண்ணாச்சி," என்றார் நாச்சியார். "உங்களுக்கா எடுக்கத் தோணுற அன்னைக்கு எடுங்க. ஓடுதுன்னு மட்டும் காட்டாதீங்க."