வெள்ளிக்கிழமை விளக்கெண்ணெய்

ஆவாரங்கோட்டை என்று ஒரு சீமை. அதை ஆண்டவர் குமாரவிக்கிரம ராஜா. எப்போது என்று கேட்காதீர்கள், நம் பாட்டன்மார் பிறப்பதற்கும் ரொம்ப முன்னால்! நல்ல மனுஷர்தான். ஆனால் மனதில் ஒன்று தோன்றிவிட்டால் போதும், ஊரே அதைச் செய்தாக வேண்டும்.

ஒருநாள் அவருக்கு வயிறு உப்பிக்கொண்டது. அரண்மனை வைத்தியர் ஏகாம்பரர் விளக்கெண்ணெய் கொடுத்தார். வயிறு சுத்தமாகி, ராஜா துள்ளிக் குதித்தார். சாயங்காலமே தண்டோரா!

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது! வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆளுக்கு அரை ஆழாக்கு விளக்கெண்ணெய் குடிக்க வேண்டும்! குடிக்காதவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டும்! டும் டும் டும்!"

எண்ணெய் குடிக்காமலே தைலம்மைக்கு வயிற்றைக் கலக்கியது. அவள் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி. அவள் மகள் பவளக்கொடிக்கு இப்போது ஏழாம் மாதம். விளக்கெண்ணெய் உள்ளே போனால் வலி கண்டுவிடுமே!

"குடித்தால் பிள்ளை போகும், குடிக்காவிட்டால் ஊர் போகும். என்னம்மா செய்வேன்?" என்று அழுதாள் மகள்.

"சும்மா இருடி. உன் அம்மா இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, தைலம்மை நேரே அரசவைக்குப் போனாள்.

"மகாராஜா, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்."

ஏகாம்பரருக்கு எரிந்தது. அந்தப்புரத்தில்கூட இவளைத்தானே கூப்பிடுகிறார்கள்! "உடம்பெல்லாம் ஒன்றுதான் மகாராஜா! ஒருத்திக்கு விலக்குக் கொடுத்தால் நாளைக்கு ஊரே வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கும்!"

"விலக்கே கிடையாது!" என்றார் ராஜா.

தைலம்மைக்கு மூளை ஓடியது. "சரி மகாராஜா, குடிக்கிறோம். ஆனால் தேர் வடம் பிடிப்பதென்றாலும் பொங்கல் வைப்பதென்றாலும் முதல் மரியாதை அரண்மனைக்குத்தானே? நீங்கள் குடித்துத் தெளிவதற்கு முன்னால் நாங்கள் வாயில் வைக்கலாமா?"

"கூடவே கூடாது!" ராஜாவின் மார்பு விரிந்தது. "அரண்மனை முழுக்கக் குடித்துத் தெளிந்த பிறகுதான் ஊர்!"

"காவலர், பல்லக்குத் தூக்கிகள், வைத்தியர் ஐயா…?"

"எல்லாரும்தான்! உடம்பெல்லாம் ஒன்றுதானே?"

ஏகாம்பரர் முகத்தில் ஈயாடவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அரண்மனையே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தது. ராஜா ஊரைப் பார்க்கப் பல்லக்கில் கிளம்பினார். கடைத்தெரு நடுவே முன்னால் தூக்கியவன், "மகாராஜா, மன்னிக்கணும்!" என்று பல்லக்கை இறக்கிவிட்டு ஓடினான். மற்ற மூவரும் அவன் பின்னாலேயே ஓட்டம்! காவலர் வேலைப் போட்டுவிட்டுப் புதருக்குப் பாய்ந்தார்கள். ஏகாம்பரர் தலைப்பாகையைக்கூடத் திரும்பி எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ராஜாவின் வயிறும் கடகடவென்றது!

"யாரங்கே!"

யாருமில்லை. தைலம்மைதான் வந்தாள். கைத்தாங்கலாய்த் தன் வீட்டுக் கொல்லைக்கு ராஜாவை அழைத்துப்போய் விட்டாள். அவர் நாலு தடவை போய்த் துவண்டு வந்ததும் உப்புப் போட்ட மோரை நீட்டினாள்.

மோரைக் குடித்து மூச்சு வந்ததும் ராஜா கேட்டார். "ஆமாம், நீ குடிக்கவில்லையா?"

"அரண்மனை இன்னும் தெளியவில்லையே மகாராஜா! உங்கள் ஆணைப்படிதான் ஊரே காத்திருக்கிறது. நாங்களும் குடித்திருந்தால் இந்த மோரை யார் கரைப்பது?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், தெருக்கோடிவரை கேட்டது!

மறுநாள் சபை கூடியது. "என்ன வேண்டும், கேள்!" என்றார் ராஜா தைலம்மையிடம்.

"ஊர்க்குளத்தில் மாடு கழுவக் கூடாதென்று ஆணை போடுங்கள் மகாராஜா. அது எல்லாரும் குடிக்கிற தண்ணீர், நானே தண்டோரா போடுகிறேன். ஆனால் வயிறு அவரவருடையது. கேட்டுவிட்டுக் கொடுங்கள்."

"ஒரு பொம்பளை பேச்சைக் கேட்டு ஆணையை மாற்றுவதா?" என்று துள்ளினார் ஏகாம்பரர்.

"மாற்ற வேண்டாமே. யாரங்கே! வைத்தியருக்கு இன்னும் ஒரு அரை ஆழாக்கு கொண்டு வா!"

"ஐயோ மகாராஜா! என் உடம்பு தாங்காது!"

சபை கொல்லென்று சிரித்தது. "அந்த அம்மாளும் அதைத்தானய்யா சொன்னாள்!" என்று ராஜா தம் கைக் கங்கணத்தைக் கழற்றித் தைலம்மையிடம் கொடுத்தார். எண்ணெய் எல்லாம் கோயில் விளக்குக்குப் போயிற்று.

மாதம் நிறைந்து பவளக்கொடிக்கு ஒரு பெண் பிறந்தது. ராஜா ஒரு கிண்ணம் மலைத்தேன் அனுப்பினார். கொண்டுவந்த சேவகன் வாசலிலேயே நின்று, "கொடுக்கலாமா என்று முதலில் உங்களைக் கேட்டுவிடச் சொன்னார் மகாராஜா" என்றானாம்.