கஞ்சிக்கு ஓர் ஆள்

“நாளையில இருந்து நான் கஞ்சிக்கு வரமாட்டேன், சாமி” என்றாள் வடிவு.

தேர் அப்போதுதான் நிலைக்கு வந்திருந்தது. சாமி மடத்து முற்றத்தில் உட்கார்ந்து மோர்ப் பானைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பெரிய சாமி காலமான பிறகு மடத்துக்கு வந்தவர். வடிவைவிட வயதில் சின்னவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“சரிக்கா” என்றார்.

வடிவு அதை எதிர்பார்க்கவில்லை.

“ஏன்னு கேக்க மாட்டீங்களா?”

“ஏன்?”

“தேர் மாலை யாருக்குப் போச்சுன்னு பாத்தீங்கல்லா?”

பார்த்திருந்தார்.

தேர் நிலைக்கு வந்ததும், அதில் சாத்திய மாலை ஒன்றை எடுத்து, அன்றைக்கு ஜனங்களுக்கு நன்றாக ஊழியம் செய்த ஒருவர் கழுத்தில் போடுவது அந்த ஊர் வழக்கம். இந்த வருடம் அது தங்கபுஷ்பத்துக்குப் போயிற்று. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்தவள். மோர்ப் பந்தலுக்கு ஆள் வேண்டும் என்று மைக்கில் சொன்னதைக் கேட்டு, காலையில்தான் முதன்முதலாக மடத்து வாசலை மிதித்தவள்.

“ஒரே ஒரு நாள் வந்தா. மாலையும் கழுத்துமா நிக்கா. நான் தினமும் பானை தூக்கித் தோள்பட்டை கழண்டு கிடக்கேன். எனக்கு ஒரு துளசி இலை உண்டா?”

“இல்லை.”

“தேருக்கு போட்டோ பிடிக்க ஆள் வருது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வருதா?”

“வரலை.”

“எல்லாத்துக்கும் தலையாட்டுங்க.”

சாமி பானையைக் கவிழ்த்து வைத்தார்.

தினமும் விடிவதற்கு முன்னால் மடத்தில் கஞ்சி காய்ச்சி, பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோய், நோயாளிகளுக்கும் அவர்களுக்குத் துணையாகப் படுத்துக் கிடப்பவர்களுக்கும் ஊற்றுவார்கள். வடிவும் ஆவுடையம்மாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அண்டாவைத் தூக்குவார்கள். ஆவுடையம்மாள் இடுப்பு முறிந்து மகள் வீட்டோடு போய்விட்டாள். அதிலிருந்து வடிவு தனியாகச் சின்னப் பானைதான் கொண்டுபோகிறாள். வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் வெறும் தூக்குவாளியோடு திரும்பிப் போகிறார்கள்.

“நீங்க வரலை. சரி. நாளைக்கு யார் போறது? ஒரு ஆள் சொல்லிட்டுப் போங்க” என்றார் சாமி.

“நானா சொல்லணும்?”

“நான் தேர்கூடப் போயிட்டேன். பந்தல்ல நின்னது நீங்கதான். அங்க வேலை செஞ்சவங்கள்ல, நோயாளிக்குக் கஞ்சி ஊத்தத் தோதான ஆள் யாரு?”

வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அந்தச் சிவப்புச் சட்டைத் தம்பி?”

“அவனா? கை மோரை ஊத்தும், கண்ணு ரோட்டைப் பாக்கும். பாதி மோர் என் கால்லதான்.”

“பேங்க்காரர் வீட்டம்மா?”

“விரல்ல மோர் பட்டா தேரே நின்னுபோகும்னு நெனைப்பு அவளுக்கு.”

“காலேஜ் பிள்ளைங்க?”

“தங்கமான பிள்ளைங்க. ஆனா கூத்தும் கும்மாளமும் இருந்தாத்தான் வேலை ஓடும். ஆஸ்பத்திரி வாசல்ல என்ன கும்மாளம் இருக்கு?”

“அப்போ யாருமே இல்லையா?”

வடிவு முந்தானை நுனியை முறுக்கினாள். அவிழ்த்தாள். மறுபடி முறுக்கினாள்.

“ஒரு சிறுக்கி இருக்கா.”

“எந்தச் சிறுக்கி?”

சாமி வாயில் அந்த வார்த்தையைக் கேட்டதும் வடிவு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அந்தத் தங்கபுஷ்பம்தான்.”

“அவங்க எப்படி?”

“எப்படின்னா? ஒரு பெரியவர் மயங்கி உக்காந்துட்டாரு. எல்லாரும் மோரைத் தூக்கிட்டு ஓடுறோம். அவ வெறுங்கையோட போறா. போய், ‘சக்கரை உண்டாய்யா, கடைசியா எப்போ சாப்பிட்டீங்க’ன்னு கேக்கா. அப்புறம்தான் பழத்தை உரிக்கா. கைப்பிள்ளைக்காரி வந்தா, முதல்ல பிள்ளையை வாங்கிக்கிடுதா, பிறகு தம்ளரை நீட்டுதா. கண்ணு தெரியாத ஒருத்தர் வந்தாரு. நான்னா கையில திணிச்சிருப்பேன். அவ தம்ளரை அவரு புறங்கையில லேசாத் தொட வச்சா. அவராத் திரும்பிப் பிடிச்சுக்கிட்டாரு.”

“ம்.”

“இதுல என் மோர்ல உப்பு கூடன்னுட்டா. அத்தனை பேரு முன்னால!”

“கூடவா?”

“கூடத்தான்.”

சாமி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“இவ்வளவையும் பாத்துக்கிட்டா நின்னீங்க?”

“கண்ணை எடுக்க முடிஞ்சாத்தானே, சாமி! வயிறு பத்திக்கிட்டு எரியுதே!”

“சரி, அவங்களையே போட்டுருவோம். உங்க அடுப்பு, உங்க கரண்டி, ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில உங்க இடம்…”

“என் இடமா?”

“நீங்கதான் வரலையே.”

“அதுக்கு? நேத்து முளைச்சவ என் இடத்துலயா வந்து நிப்பா?”

“ஆவுடையக்கா இடம் சும்மாதான் கிடக்கு.”

வடிவு மூச்சு விட்டாள்.

“அதுல நிக்கட்டும்.”

“அப்போ போய்க் கூப்பிடுங்க. கிளம்பிடப்போறாங்க.”

“நீங்க கூப்பிடுங்க, சாமி.”

“ஏன்?”

வடிவு தரையைப் பார்த்தாள்.

“மத்தியானமே கேட்டா. திருவிழா முடிஞ்சா மடத்துல வேற என்னக்கா வேலை இருக்கும்னு.”

“என்ன சொன்னீங்க?”

“அடுத்த வருசம் தேருக்கு வான்னு.”

“போன வருசம் யாரும் கேக்கலையா?”

“கேட்டாங்க.”

“அவங்ககிட்ட?”

“அதேதான் சொன்னேன்.”

சாமி அடுத்த பானையை எடுத்தார். தேய்த்தார். வெகுநேரம் அதையே தேய்த்தார்.

“நீங்க முதமுதல்ல இங்க எதுக்குக்கா வந்தீங்க?”

“நானா? தேர் பாக்க வந்தேன். கூட்டத்துல பிள்ளைக்குத் தண்ணி கேட்டு இந்தப் பந்தலுக்கு வந்தேன். அங்க எச்சில் தம்ளரா குவிஞ்சு கிடந்துச்சு. சும்மா நிக்கோமேன்னு கழுவினேன். பொழுது சாயவும் கிளம்பினேன். ஆவுடை வந்து முந்தானையைப் பிடிச்சு இழுத்துட்டா. ‘எங்க போறவ? விடிஞ்சா கஞ்சி கிடக்கு’ன்னா…”



வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் யாரோ தேடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

வடிவு எழுந்து ஓடினாள்.

சாமி பானைகளையெல்லாம் கழுவி முடித்திருந்தபோது திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது. முகம் இன்னும் சுளித்துத்தான் இருந்தது.

“வர்றாங்களா?”

“வர்றா. தனியா வரலையாம். அவ தெருவுல ரெண்டு பேரு இருக்காளுகளாம். இன்னைக்குப் பந்தல்ல வச்சுத்தான் பேசிப் பழகினாளாம். அவளுகளையும் கூட்டிட்டு வர்றாளாம். இன்னும் உள்ள காலு வைக்கலை, அதுக்குள்ள ஆள் சேக்கா பாருங்க!”

“வயிறு இன்னும் எரியுதா?”

“எரியுது, சாமி.”

“நல்லது. அந்த ரெண்டு பேரையும் இதே மாதிரி கண்ணை எடுக்காமப் பாருங்க.”