மன்னர் பிடித்த முந்தானை

"இந்த வழக்கத்த நிறுத்தணும் குருவே" என்றார் மன்னர் கீர்த்திதரன்.

கெமர் மண்ணில், இன்றைய கம்போடியாவில், முதல் அரசை உண்டாக்கியவர் அவர். தமிழ்க் கரையிலிருந்து கப்பலேறி வந்தவர். இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. ராணி போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். அன்றிலிருந்து அவளுடைய மஞ்சள் மேலாடையைத்தான் தோளில் போட்டிருக்கிறார்.

"எந்த வழக்கம்?"

"கல்யாணத்துல மாப்பிள்ளை, பொண்ணோட முந்தானையப் பிடிச்சுக்கிட்டு அவ பின்னால நடந்து வர்றது. நாளைக்கு என் பேத்தி கல்யாணம். பெண்டாட்டி முந்தானையப் பிடிச்சுக்கிட்டுத் திரியறவன்னா நம்ம தமிழ்க் கரையில என்ன அர்த்தம்? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். யாரு ஆரம்பிச்சு வச்சது?"

வாசலில் முரசறைபவன் உத்தரவுக்காகக் காத்திருந்தான். மன்னர் குரலைத் தாழ்த்தினார்.

"நான்தான். என்னைப் பார்த்துத்தான் ஊரே செய்யுது. பிற்காலத்துல இதையே கல்லுலயும் வெட்டி வைப்பாங்க. வில்லோட வந்தவன் குருவே நான்!"

"அந்த வில் எங்க?"

"சேத்துல போச்சு."

"மொதல்லேருந்து சொல்லு."

"சண்டை போடத்தான் வந்தேன். கரைன்னு நினைச்சுக் கப்பல்லேருந்து குதிச்சேன். இடுப்பு வரைக்கும் சேறு. அவ இந்த ஊர்த் தலைவர் பொண்ணு. படகுலேருந்து இறங்கி வந்து முந்தானைய வீசினா. பிடிச்சேன். முன்னாடி நடந்தா. பாதியில திரும்பி, 'பிடிச்சிருக்கா?'ன்னா."

"தமிழ்லயா?"

"முன்னாடி வந்த நம்ம மாலுமிங்ககிட்ட நாலு வார்த்தை கத்துக்கிட்டிருந்தா. 'பிடிச்சிருக்கியா'ன்னு கேக்கத் தெரியல. எனக்கு அது எங்க புரிஞ்சுது? அவளப் பிடிச்சிருக்கான்னு கேக்குறாளோன்னு நினைச்சு, 'ரொம்பப் பிடிச்சிருக்கு'ன்னுட்டேன்."

மன்னர் சிரித்தார். அப்புறம் கண் கலங்கிவிட்டது.

"கடைசி வரைக்கும் அதையே கேட்டுக் கேட்டுக் கிண்டல் பண்ணுவா. இப்ப கேக்க ஆளில்ல."

குரு வாசலில் நின்ற முரசறைபவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி, முரசறையச் சொல்லு. வழக்கம் இன்னையோட நிக்கட்டும். ஆரம்பிச்சவன் நீ, நீயே மொதல்ல விடு" என்றார்.

"எதை?"

குரு அவர் கையைக் காட்டினார்.

மன்னர் குனிந்து பார்த்தார். ராணியின் மேலாடை முனை அவர் கைக்குள் இருந்தது. பேச ஆரம்பித்ததிலிருந்தே இறுக்கிப் பிடித்திருந்தார்.

விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டார் குரு.