எலிக்குத் தொண்டைச் சதை போன கதை

அந்தக் காலத்தில், உயிர்கள் எல்லாம் ஒரே பேச்சைப் பேசியபோது, எலிகளுக்கும் நம்மைப் போலவே தொண்டையின் இருபுறமும் இரண்டு சதை உருண்டைகள் இருந்தன.

கம்பங்கொல்லை வரப்பில் கொழுஞ்சி என்றொரு தாய் எலி குடியிருந்தது. அதன் மகள் பெயர் தினை. அதற்கு அடிக்கடி தொண்டை வீங்கும், காய்ச்சல் அடிக்கும், இரை இறங்காது. ஒருநாள் கொழுஞ்சி மகளின் வாயைத் திறந்து பார்த்தது. பிள்ளை எலும்பும் தோலுமாய் இருக்க, அந்த உருண்டைகள் மட்டும் சிவந்து கொழுத்திருந்தன. ‘என் பிள்ளை தின்பதையெல்லாம் இதுகள்தான் வழியில் பறிக்கின்றன’ என்று சந்தேகம் தட்டியது.

முள் எடுக்க, கட்டி கீற எல்லாரும் தையல்சிட்டிடம்தான் போவார்கள். கொழுஞ்சியும் போனது.

“அக்கா, இதுகளை எடுத்துவிடு.”

சிட்டு எட்டிப் பார்த்தது. “அவசரப்படாதே கொழுஞ்சி. வருகிற நோயை வாசலிலேயே மறித்துச் சண்டை போடுவதால் வீங்கியிருக்கலாம். பிள்ளை வளர வளரத் தானே சுருங்கிவிடும்.”

“உன் பிள்ளையாக இருந்தால் பொறுப்பாயா?”

சிட்டு அலகைக் கிளையில் தீட்டிக்கொண்டது. “எடுத்தால் காய்ச்சல் குறையும். பின்னால் என்ன வருமென்று எனக்குத் தெரியாது.”

தெரியாதா, தெரிந்தே மறைக்கிறதா? கொழுஞ்சி அதன் முகத்தையே உற்றுப் பார்த்தது. பிறகு, “எடு” என்றது.

தினை தேறியது. காய்ச்சல் நின்றது, உடம்பு பிடித்தது. தான் நினைத்ததே சரி என்று கொழுஞ்சி நிம்மதியாக இருந்தது.

மழை பிடித்தது. பூஞ்சை பூத்த கதிரைக் குட்டிகள் எல்லாம் தின்றன. மற்றவற்றுக்குத் தொண்டை வீங்கி, சில நாளில் வடிந்தது. தினைக்கோ தொண்டையில் ஒன்றுமில்லை. நோய் நேரே நெஞ்சில் இறங்கி மூச்சு இழுத்தது. கொழுஞ்சி அதன் விலாவில் காதை வைத்துக் கிடந்தது. சிட்டு ஏதோ செய்துவிட்டதென்று ஒரு நேரம் தோன்றும். நான்தான் செய்தேன் என்று ஒரு நேரம் தோன்றும்.

தினை பிழைத்தது. தொண்டையில் மறிக்க ஆளில்லாததால் மூக்கு அந்தக் காவலை எடுத்துக்கொண்டது. எதையும் முதலில் முகரும். துளி கடித்துவிட்டு, வயிறு என்ன சொல்கிறதென்று ஒதுங்கி உட்கார்ந்திருக்கும்.

“அம்மா கொடுத்தால்கூடவா?”

“நீ கொடுத்தாலும்தான் அம்மா.”

கொழுஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அறுப்புக் காலத்தில் கொல்லைக்காரன் வரப்பெங்கும் நஞ்சு கலந்த மாவுருண்டைகளை வைத்தான். மற்ற எலிகள் ஓடிப்போய்த் தின்றன. கொழுஞ்சியும் வாய் வைக்கப் போனது. தினை உருண்டையை முகர்ந்ததும் தாயின் வாலைக் கவ்விப் பின்னுக்கு இழுத்தது. அந்தக் கொல்லையில் மிஞ்சியவை அவை இரண்டுதான். பிறகு வேற்றுக் கொல்லையிலிருந்து வந்த எலியோடு சேர்ந்து தினைக்குப் பிறந்த குட்டிகள் எதற்கும் தொண்டையில் சதை இல்லை. மூக்கு மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது.

அன்று முதல்தான், பெற்ற தாயே நீட்டினாலும் எலி முகர்ந்து பார்க்காமல் தின்பதில்லை.