பின்காதில் விழுந்த வழி

உடுமலைப்பேட்டையில் ஒரு பைக்கின் கைப்பிடியில் வழிப்பெட்டி ஒன்று புதிதாகக் குடியேறியது. கடைக்காரர் அதை ஜிபிஎஸ் என்று சொல்லி விற்றார். உள்ளங்கையளவு உடம்பு, ஊரளவு கர்வம். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தன்னோடு நேரடியாகப் பேசுகின்றன என்பதை அது வந்த அன்றே பைக்கிடம் சொல்லி, பெட்ரோல் டாங்க்கிடம் சொல்லி, கடைசியில் கேட்க ஆளில்லாமல் சைடு ஸ்டாண்டிடமும் சொன்னது.

அந்த வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஹெல்மெட்டுகள் இருந்தன. இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே கம்பெனி. ஒவ்வொன்றின் காதோரத்திலும் ஓர் இன்டர்காம் பொருத்தியிருந்தது. ஓட்டுகிறவனுடையதில் இருந்ததற்கு முன்காது என்று பெயர். பின்னால் உட்காருகிறவளுடையதில் இருந்ததற்குப் பின்காது. ஓட்டத்தில் ஒருவர் பேசுவதை இன்னொருவர் காதில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இரண்டுக்கும் வேலை. எதிர்காற்று அடித்தாலும் லாரி ஹாரன் அலறினாலும் ஒரு சொல்லைக்கூட அவை சிந்தியதில்லை.

ஓட்டுகிறவன் வெள்ளிங்கிரி. கயிறு ஆலையில் சூப்பர்வைசர். பின்னால் உட்காருகிறவள் அவன் மனைவி கலாமணி, அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு வேலை நத்தத்துக்கும் அந்தப் பக்கம். வாரம் முழுக்க அங்கேயே ஓர் அறையில் தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவாள். மகளுக்குப் பால் பல் விழுந்ததையும் புதுப் பல் முளைத்ததையும் போனில்தான் பார்த்தாள்.

அன்றைக்குத் திண்டுக்கல்லில் இடமாறுதல் கலந்தாய்வு. பழனியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அது கிடைத்தால் தினமும் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். ராத்திரி மகளோடு படுத்துக்கொள்ளலாம். வரிசையில் கலாமணி பெயர்தான் முதலில். பெயரைக் கூப்பிடும்போது ஆள் எழுந்து நிற்கவேண்டும், அவ்வளவுதான். நிற்காவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

வெள்ளிங்கிரி கெட்டவன் இல்லை. மனைவிக்காக லீவு போட்டான், டயருக்குக் காற்றடித்தான், வழி தவறக்கூடாது என்றுதான் அந்தப் பெட்டியையே வாங்கினான். இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் மீதியைச் சொல்லவேண்டும். ஏனென்றால் மீதியை நினைத்தாலே வயிறு எரிகிறது.

கிளம்புகிற அவசரத்தில் அவன் பெட்டியை இன்டர்காமோடு ஜோடி சேர்க்க உட்கார்ந்தான். எந்த ஹெல்மெட்டோடு சேர்கிறதோ அதில் மட்டும்தான் பெட்டியின் குரல் கேட்கும். மேசையில் கைக்கு எட்டிய ஹெல்மெட்டை எடுத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தான். நீல விளக்கு மினுக் மினுக்கென்றது.

"ஏனுங்க, அது என்ற ஹெல்மெட்டுங்க, உங்களுதில்லீங்க" என்றாள் கலாமணி.

"எனக்குத் தெரியும். நீ போய் சர்ட்டிபிகேட்டையெல்லாம் எடுத்து வை."

"இல்லீங்க, உள்ள பாருங்க, சின்ன சைசு…"

"போ புள்ள, நேரமாச்சு!"

நீல விளக்கு நிலையாக நின்றது. ஜோடி சேர்ந்துவிட்டது. வெள்ளிங்கிரி திருப்தியாக எழுந்து, தன்னுடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

"இனிமேல் இந்த வண்டியில் நான் சொல்வதுதான் சட்டம்" என்றது வழிப்பெட்டி.

"நீ சேர்ந்திருப்பது என்னோடு. நான் பின்சீட்டு" என்றது பின்காது.

"எந்த சீட்டாக இருந்தால் என்ன? வழி வழிதானே!"

பின்காதுக்கு அப்படித் தோன்றவில்லை. அது அந்த வீட்டில் நாலைந்து வருஷமாக இருக்கிறது.

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. மஞ்சளும் பச்சையுமாகப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரம் வரிசையாக நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் வெள்ளிங்கிரி, "பாத்தியா, ஜிபிஎஸ் கப்சிப்னு இருக்குது. நேராப் போற வரைக்கும் அது பேசாது. திரும்பணும்னாத்தான் பேசும்" என்று மனைவிக்கு விளக்கம் வேறு சொன்னான்.

பழனிக்கு முன்னால் இடப்பக்கம் ஒரு சாலை பிரிந்து கீரனூர் வழியாக ஒட்டன்சத்திரத்துக்குப் போகிறது. அது நெருங்கும்போது வழிப்பெட்டி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கம்பெனி கொடுத்த அழகான பெண் குரலில் அறிவித்தது. "முன்னால் கடும் நெரிசல். ஐந்நூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்."

கலாமணியின் காதில் கணீரென்று விழுந்தது.

"ஏனுங்க, இடப்பக்கம் திரும்பச் சொல்லுதுங்க. முன்னால கூட்டமாமா."

"எது சொல்லுது?"

"ஜிபிஎஸ்தானுங்க."

"ஜிபிஎஸ் சொன்னா எனக்கில்ல கேக்கும்?"

"எனக்குக் கேக்குதுங்களே!"

"உனக்கு எப்பவுமே ஏதாச்சும் கேட்டுட்டேதான் இருக்கும். பின்னால உக்காந்துட்டு வண்டி ஓட்டாத."

"இப்போது திரும்பவும்" என்றது பெட்டி. "இப்பத் திரும்புங்க!" என்றாள் கலாமணி. பைக் நேராகப் போனது. இடப்பக்கச் சாலை, யாரும் இல்லாமல் வெயிலில் சும்மா கிடந்தது.

வழிப்பெட்டிக்கு இப்படி ஓர் அவமானம் நேர்ந்ததில்லை. "என்ன நடக்கிறது இங்கே? நான் சொன்னது போய்ச் சேரவில்லையா? பின்காதே, தூங்கிவிட்டாயா?"

"நான் எதற்குத் தூங்குகிறேன்? அவள் காதில் போட்டேன். அவள் சொன்னாள். அதையும் வாங்கி அனுப்பினேன்."

"முன்காதே, நீ?"

"முழுசாக வாங்கி முழுசாகக் கொடுத்தேன்" என்றது முன்காது. "அவனுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. காது வரைக்கும்தான் என் வேலை. அதற்கு உள்ளே இருப்பதோடு என்னை யாரும் ஜோடி சேர்த்துவிடவில்லை."

"அப்புறம் ஏன் திரும்பவில்லை?"

பின்காதுக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தில் வருகிற சிரிப்பு. "நீ இன்றைக்கு வந்தவன். இந்த வாயிலிருந்து கிளம்பின எத்தனை சொல்லை நான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன் தெரியுமா? பெட்ரோல் தீரப்போகிறது என்றாள். மழை வரும், கோட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றாள். அந்தச் சீட்டுக் கம்பெனிக்காரன் முழியே சரியில்லை என்றாள். எல்லாம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். தொணதொணப்பு."

"ஆனால் இது அவள் சொன்னதில்லையே! நான் சொன்னது! வானத்திலிருந்து பார்த்துச் சொன்னது!"

"வானத்திலிருந்தே வரட்டும். இவள் வாய் வழியாக வந்தால் தொணதொணப்புதான்."

வழிப்பெட்டிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "எனக்கும் பெண் குரல்தானே கொடுத்திருக்கிறார்கள்?" என்று கேட்டது.

"அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றது பின்காது.

பெட்டி விடவில்லை. "வண்டியைத் திருப்பவும்" என்றது. கலாமணி சொன்னாள். மறுபடியும் "வண்டியைத் திருப்பவும்" என்றது. கலாமணி கெஞ்சினாள். "ஏனுங்க, சாமி கும்புட்டுக் கேக்கறனுங்க, ஒருக்கா நிறுத்தி அந்தப் பொட்டியத்தான் பாருங்களே." வெள்ளிங்கிரி, "இப்ப நீ பேசாம வர்றியா இல்லியா?" என்றான். அவள் பேசாமல் வந்தாள். சர்ட்டிபிகேட் பைலை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

பழனிக்குள் நுழைந்ததும் சாலை முடிந்துபோய் ஜனம் ஆரம்பித்தது. காவடிகள், மேளம், அரோகரா, குழந்தைகளைத் தோளில் வைத்த அப்பாக்கள், தண்ணீர்ப்பந்தல். சாமி கும்பிட வருகிறவர்கள் மேல் என்ன தப்பு? வழியைச் சொல்லியும் கேட்காதவன் மேல்தான் தப்பு. பைக் ஓர் அடி நகரும், நிற்கும். வெள்ளிங்கிரி ஹாரன் அடித்தான். பிறகு வெட்கப்பட்டு நிறுத்தினான்.

தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் அவன் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "எங்க சார் போறீங்க, திண்டுக்கல்லா? முன்னாடியே லெப்டுல திரும்பி கீரனூர் ரோட்டுல போயிருக்கலாமே!" என்றார்.

வெள்ளிங்கிரி பின்னால் திரும்பினான். புதுச் செய்தி கொண்டுவந்தவன் முகம் அவனுக்கு.

"கேட்டியா கலா? லெப்டுல திரும்பி கீரனூர் வழியாப் போயிருக்கணுமாமா. இது தெரியாமப் போச்சே!"

மூன்று கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் சூடேறியது.

"இந்தப் பொட்டி ஏன் சொல்லல?" என்று வெள்ளிங்கிரி குனிந்து அப்போதுதான் திரையைப் பார்த்தான். இணைந்திருக்கும் ஹெல்மெட் இரண்டாவது என்று அதில் எழுதியிருந்தது. "அட, உன்ற ஹெல்மெட்டுல சேந்திருக்குது! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றான். அங்கேயே நின்று தன்னுடையதோடு மாற்றிச் சேர்த்தான்.

பிறகு அவன் ஓட்டிய அழகைப் பார்க்கவேண்டும்! "வலப்பக்கம் திரும்பவும்" என்றால் வலப்பக்கம். "இரண்டாவது சந்தில் இடப்பக்கம்" என்றால், ஆட்டோக்கூட நுழைய யோசிக்கும் சந்து, மறுபேச்சில்லாமல் இடப்பக்கம். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை.

"என்ன தெளிவாச் சொல்லுறா பாத்தியா!" என்று மனைவியிடம் மெச்சிக்கொண்டான்.

சொல்லுறா. கலாமணி காதில் விழுந்தது அது. வழிப்பெட்டி காதிலும் விழுந்தது. மெச்சலைக் கேட்டு வாழ்நாளில் முதல் தடவையாக அதற்கு அருவருப்பாக இருந்தது.

திண்டுக்கல்லில் பைக் நிற்பதற்குள் கலாமணி குதித்து ஓடினாள். ஹாலுக்குள் பெயர்கள் பாதிக்கு மேல் தாண்டியிருந்தன. வாசலில் இருந்த கிளார்க் அம்மா அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"நீதானா கலாமணி? மூணு தடவை கூப்பிட்டோமேம்மா. ஆள் இல்லைன்னதும் அடுத்த பொண்ணு எடுத்துட்டா. நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

அடுத்த பெண் மேலும் குற்றமில்லை. அவளுக்கும் ஒரு வீடு இருக்கும், அதில் ஒரு குழந்தை இருக்கும். கலாமணி அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அழவில்லை.

வெள்ளிங்கிரி அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். அவனுக்கு உண்மையாகவே கண் கலங்கியது. கைப்பிடியில் இருந்த பெட்டியை ஓங்கித் தட்டினான்.

"எல்லாம் இந்தச் சனியனால வந்தது! காத்தாலயே வாயத் தொறந்து சொல்லியிருந்தா இந்நேரம் நம்ம கையில ஆர்டர் இருக்கும்."

"அது சொல்லுச்சுங்க" என்றாள் கலாமணி. "நானும் சொன்னனுங்க. நாலு தடவை சொன்னேன்."

"நீ சொன்ன, சரி… அது வேற."

"என்ன வேறங்க?"

அவன் குனிந்து பெட்டியின் திரையைத் துடைத்தான்.

"அதே சொல்லு. ஒரு எழுத்துக்கூட மாத்தலீங்க. என்ன வேறன்னு சொல்லுங்க."

"ஏம்புள்ள, நடு ரோட்டுல வச்சு…"

கலாமணி ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்சீட்டுக் கொக்கியில் மாட்டினாள். "நான் பஸ்ஸுல போறனுங்க. பழனில எடம் கெடச்சிரும்னு பாப்பாகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். இல்லைங்கறதையும் நானே போய்ச் சொல்லிக்கிறேன். நீங்க உங்க பொட்டி சொல்ற வழியில வாங்க."

அவள் ஏறிய பஸ்ஸின் கண்டக்டர், கூட்டம் இருப்பதால் ஒட்டன்சத்திரத்தில் திரும்பிக் கீரனூர் வழியாகத்தான் போகும் என்று கத்திக்கொண்டிருந்தார். வெள்ளிங்கிரிக்கு அது கேட்கவில்லை. அவன் பெட்டியில் 'வீடு' என்பதை அழுத்திக்கொண்டிருந்தான்.

ஒட்டன்சத்திரம் நெருங்கியது.

கொக்கியில் தொங்கிய பின்காது பதறியது. "வழிப்பெட்டி! வலப்பக்கச் சாலை வருகிறது. பழனியில் இன்னும் நெரிசல்தான். சொல்லவில்லையா?"

"சொல்ல மாட்டேன்."

"வழி சொல்வதுதானே உன் பிழைப்பு?" என்றது முன்காது. "எனக்கு ஒரு சொல் கொடு. நான் சேர்த்துவிடுகிறேன்."

"நீ சேர்ப்பாய். அவனும் கேட்பான், உடனே திரும்புவான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை" என்றது பெட்டி. அதன் குரலில் இருந்த கர்வமெல்லாம் போய்விட்டிருந்தது. "அவள் சொல்லி மண்ணாகப் போனது நான் சொன்னால் பொன்னாகுமா? இந்த மனிதனுக்கு நான் சொல்லவேண்டிய வழியைக் காலையிலேயே சொல்லிவிட்டேன்."

வலப்பக்கம் சாலை பிரிந்தது. முன்னால் போன பஸ் அதில் திரும்பி, புழுதி பறக்கப் போனது. கடைசி ஜன்னலில் கலாமணி உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிங்கிரி வேகத்தைக் குறைத்து ஒரு கணம் காதைத் தீட்டிக்கொண்டான். பெட்டி பேசவில்லை. பேசாவிட்டால் நேராகத்தான் போகவேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியுமே. ஆக்சிலேட்டரை முறுக்கிக் கூட்டத்தை நோக்கி நேராகப் போனான்.