பெயர் அழித்த புள்ளிகள்

கடலோரத்தில் மூன்று ரேடார்கள். மூன்றும் பார்ப்பது ஒரே திரையில் வந்து சேரும். அந்தத் திரைக்குப் பொறுப்பு மங்கையர்க்கரசி. அவரிடம் வேலை கற்ற சந்தியாகுவை எல்லோரும் ‘சிஷ்யப்பிள்ளை’ என்று கேலி செய்வார்கள். சிஷ்யன் குருவைவிட பத்து வயது மூத்தவன், கேலிக்குக் கேட்க வேண்டுமா.

ஒரு மதியம் புயல் காற்று கிளம்பியது. இரண்டு படகுகள் மட்டும் கரை திரும்பவில்லை. ஒன்றில் சந்தியாகுவின் தம்பி சேவியர் இருந்தான். எஞ்சின் நின்றுவிட்டது என்று வயர்லெஸ்ஸில் சொன்னான். அத்தோடு வயர்லெஸ்ஸும் போயிற்று. இன்னொரு படகில் வயர்லெஸ்ஸே கிடையாது.

திரையில் இரண்டு புள்ளிகள், பக்கத்தில் படகின் பெயர்கள். மழை வலுத்தபோது புள்ளிகள் நெருங்கி ஒன்றாகி, பிறகு பிரிந்தன. ஒன்று பாறைத் திட்டு நோக்கிப் போனது. மற்றது ஆழ்கடல் பக்கம் ஒதுங்கியது.

எது எந்தப் படகு என்று திரைக்கு இப்போது தெரியவில்லை. சந்தியாகு பாறைப் பக்கம் போன புள்ளிக்குத் தம்பி படகின் பெயரையும், மற்றதற்கு இன்னொரு படகின் பெயரையும் போட்டான். இருக்கிற ஒரே மீட்புப் படகை அங்கே அனுப்பச் சொல்லிக் கெஞ்சினான்.

“அதுதான் சேவியர்னு எந்த ரேடார் சொல்லுச்சு?”

“என் தம்பி மேடம். எனக்குத் தெரியாதா?”

மங்கையர்க்கரசி இரண்டு பெயர்களையும் அழித்தார். மீட்புப் படகை இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே போகச் சொன்னார். பிறகு மூன்று நிலையங்களையும் கூப்பிட்டு, யார் பெயரும் சொல்லாமல், மழைக்குள் என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் விசாரித்தார். சந்தியாகு கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மழைக்குள் இரண்டு நிலையங்கள் ஒரே புள்ளியைத்தான் பார்த்திருந்தன. தெற்கு முனை ரேடார் பக்கவாட்டில் பார்ப்பது. அதன் பார்வையில் இரண்டும் ஒன்றாகச் சேரவே இல்லை. எஞ்சின் நின்ற படகு ஆழ்கடல் பக்கம் இழுபட்டதை அது விடாமல் பார்த்திருந்தது.

மீட்புப் படகு நடுவில் இருந்ததால் ஆழ்கடல் பக்கம் திரும்ப நேரமாகவில்லை. இருட்டும் முன் சேவியர் கரையேறினான். மற்றப் படகுக்காரர்கள் எஞ்சினை முடுக்கித் திட்டைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு சந்தியாகு திரும்பினான். மங்கையர்க்கரசி அவனுக்கும் டீ வாங்கி மூடி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அவனுக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நீங்க அந்தப் பேர அழிச்சப்போ என் தம்பியையே அழிச்ச மாதிரி இருந்துச்சு மேடம். எப்படி மனசு வந்துச்சு?”

“நீங்க பேர் போட்டப்போ உங்க தம்பி ஒரு படகுலதான் இருந்தாரு அண்ணே. அழிச்சப்புறம் எனக்கு ரெண்டு படகுலயும் அவர்தான் இருந்தாரு.”